அரியலூரில் இருந்த கடல்

பி.காம் படிக்கிறவனுக்குக் கடல் எதுக்குன்னு கேட்காதீங்க. எங்க போத்தனூருக்குப் பக்கத்து மதுக்கரையிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் அது பூமிக்கடியில் வெந்து உருமாறியது. கிளிஞ்சல் தடம் இல்லை. அரியலூர்ப் பக்கம் இருக்கிறது.

அங்கே காரை கிராமத்துக் களிமண்ணில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓட்டுக் கடல்பிராணிகள், கிடைக்கின்றன. திருச்சி, புதுச்சேரி வட்டாரப் புதைபடிவங்களை 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டால், நெருங்கிய இனங்கள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும்! அம்மோனைட் தரையில் நடக்காது. அப்படியென்றால் இந்தக் கரைகளுக்கு நடுவே கடல்வழி திறந்திருந்தது.

பக்கத்தில் கல்லங்குறிச்சியின் கிளிஞ்சல் பாறைகள் சிமெண்டுக்காக வெட்டப்படுகின்றன. வீடும் வேண்டும்தான். ஆனால் கணக்கு நோட்டையே அரைத்துவிட்டால் பழைய வரவு செலவை எதில் பார்ப்பது? கொஞ்சம் பாறையையாவது விட்டுவைக்கணும், நண்பர்களே.