நோட்டீஸில் ஆண்டு இல்லையென்றால்



சோனகத்தெருப் பக்கத்துப் பழைய பள்ளிவாசல் நோட்டீஸ்களையும் கலியாணக் கார்டுகளையும் பலர் படமெடுத்துப் போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒருவர் கீழே "1940கள்" என்று எழுதிவிட, அடுத்தவர் அதையே பகிர, இரண்டு கிழமையில் அது வரலாறாகிவிடுகிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று புலிகள் வெளியேற்றியபோது காணி உறுதியையும் அல்பத்தையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். மிஞ்சியது இந்தக் கொஞ்சத் தாள்தான். இதிலும் ஆண்டு பிழைத்தால் மற்றதையும் ஆர் நம்புவார்கள்?

ஆண்டு போடாத தாளுக்கு எழுத்து வடிவம்தான் முதல் சாட்சி. யானைத் தும்பிக்கைபோல முன்னால் வளைந்த ணை, லை, ளை, னை. காலைத் தனியாகப் போடாமல் கீழே சுழித்த ணா, றா, னா. ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்தால் 13 எழுத்து. பெரியார் 1935இல் தன் பத்திரிகையில் மாற்றத் தொடங்கியவற்றில் இந்த 13ஐ எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணையாக்கியது.

இதை வைத்து "பழைய லை இருக்கு, அப்ப 1978க்கு முந்தியது" என்று சொல்வது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். எங்களுக்கு அல்ல. அந்த ஆணை இங்கே செல்லாது. மானிப்பாயில் 1834இல் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம், வண்ணார்பண்ணையில் 1849இல் நாவலருடைய அச்சுக்கூடம் என்று தொடங்கிய ஊர் இது. ஈய எழுத்தைக் காசு கொடுத்து வாங்கிய சின்ன அச்சகக்காரர், தேயும்வரை அதைத்தான் கோத்தார். எண்பதுகளின் நோட்டீஸிலும் தும்பிக்கை லை வரும்.

மீலாத் நோட்டீஸை எடுங்கள். ஹிஜ்ரி ஆண்டு 10, 11 நாள் முன்னால் நகர்வதால், ஏறக்குறைய 33 வருடத்துக்கு ஒருமுறை அதே ஆங்கில மாதத்துக்குத் திரும்பும். ஒக்டோபரில் மீலாத் விழுந்தது 1955, 56, 57இல். பிறகு 1988, 89, 90இல். ஆக "ஒக்டோபர் மீலாத் விழா" என்று மட்டும் உள்ள தாள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. 1990 மீலாத் என்றால் எங்கள் கடைசி மாதம். 1957 என்றால் வாப்பாமாரின் காலம். இரண்டையும் கலக்கலாமா?

திகதியோடு கிழமையும் இருந்தால் பழைய கலண்டர் தீர்த்துவிடும். இல்லையென்றால் புதிய வடிவ லை, னை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பின்னையதுதான். பழைய வடிவம் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்திருந்தால் ஈய அச்சு. வழுவழுப்பாக இருந்தால் ஓப்செற் ஆகலாம். அப்போது 1950களைவிட எண்பதுகளுக்கே இடம் அதிகம்.

எனக்குப் பிடித்த சாட்சி உடைந்த எழுத்து. ஒரு ஈயக் கொம்பின் நுனி உடைந்தால், அதை வீசும்வரை அந்த அச்சகத்தின் தாள்களில் அதே உடைவு திரும்பத் திரும்ப விழும். திகதி உள்ள ஒரு தாளிலும் திகதி இல்லாத ஒன்றிலும் அதே உடைவு கிடைத்தால், இரண்டும் ஒரே அச்சகம், கிட்டத்தட்ட ஒரே காலம். (பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் துப்பறிவாளர் மாதிரி உருப்பெருக்கியோடு உட்கார்ந்துவிடுவார்கள்.)

ஆகவே படம் போடும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். அடியில் அச்சகப் பெயர் இருந்தால் வெட்டிவிடாதீர்கள். எழுத்துக்கு நெருக்கமாக வெளிச்சத்தில் ஒரு படமும் வேண்டும். ஆண்டு தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். புத்தளத்தில், நீர்கொழும்பில் இருப்பவர்களும் பெட்டியைத் திறந்து பாருங்கள்.