எந்தக் காதால் கேட்பது?

பிள்ளையின் காதுகளில் ஹெட்போனை மாட்டி, வலது காதில் ஓர் அசையையும் அதே கணத்தில் இடது காதில் வேறோர் அசையையும் ஒலிக்கவிடுகிறார்கள். 'என்ன கேட்டுச்சு?' என்று விசாரிக்கிறார்கள். இந்தச் சோதனை ஒரு பிள்ளையைக் குறையுள்ளது என்று வரையறுக்கப் பயன்பட்டது எப்படி என்பதே என் கேள்வி.

சோதனை பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. 1954-இல் கேம்பிரிட்ஜில் டொனால்ட் பிராட்பென்ட் இரு காதுகளிலும் வெவ்வேறு எண்களை ஒலிக்கவிட்டார். ஒரே நேரத்தில் பல குரல்களைக் கேட்கவேண்டியிருந்த விமானக் கட்டுப்பாட்டாளர்களின் சிக்கல் அதன் பின்னணியில் இருந்தது. 1961-இல் மாண்ட்ரியாலில் டோரீன் கிமுரா இதே உத்தியை வலிப்பு நோயாளிகளிடம் கையாண்டார். பேச்சு மூளையின் இடப்பாதியில் அமைந்தவர்கள் வலது காதில் விழுந்ததைக் கூடுதலாகச் சொன்னார்கள்; வலப்பாதியில் அமைந்தவர்கள் இடது காதில் விழுந்ததை. மூளையைத் தொடாமலே அதன் சாய்வை ஊகிக்க வழி கிடைத்துவிட்டது.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளிடம் மூளையின் ஒரு பாதி மேலாண்மை பெறவில்லை என்று 1925-லேயே அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் எழுதியிருந்தார். 1963-இல் சிகாகோ கூட்டத்தில் சாமுவேல் கிர்க் 'கற்றல் குறைபாடு' என்ற பெயரை முன்வைத்தார். கருத்து இருந்தது, பெயர் வந்தது, கருவியும் தயார். ஆனால் முடிவுகள் ஒத்துவரவில்லை. சில ஆய்வுகளில் இந்தப் பிள்ளைகளின் வலக்காதுச் சாய்வு குறைவு. வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

1981-இல் ஜார்ஜ் ஹைண்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், 'இடது காதை மட்டும் கவனி' என்றும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார்கள். 'இயல்பான' பிள்ளைகள் அப்போதும் வலது காதில் கேட்டதையே அதிகம் சொன்னார்கள். கற்றல் குறைபாடுடையவர்கள் எனப்பட்டோர் இடதுக்கு மாறினார்கள். அதாவது, சொன்னபடி செய்தது இவங்கதான்! ஆனால் இது மூளைப் பாதிகளின் ஒத்துழைப்பில் உள்ள பலவீனமாக வாசிக்கப்பட்டது.

பின்னர் நார்வேயின் பெர்கனில் கென்னத் ஹுக்டால் குழுவினர், வலக்காதுச் சாய்வை மீறி இடதைக் கேட்க முடிவதை மனக்கட்டுப்பாட்டின் அடையாளமாக விளக்கினார்கள். ஒரே செயல், முதலில் குறை, பிறகு திறன். மாறியது பிள்ளையின் காது அல்ல, அதை வாசித்தவர்களின் எதிர்பார்ப்பு.

இதனால் அந்தப் பிள்ளைகளின் திணறலே பொய் என்று நான் சொல்லவரவில்லை. எழுத்தின் முன்னால் அவர்கள் படும் பாடு உண்மை. கூடுதல் நேரமும் பொறுமையான ஆசிரியரும் அவர்களின் உரிமை. ஆனால் 'இயல்பு' என்பதை முதலிலேயே முடிவுகட்டிவிட்டு அளக்கத் தொடங்கினால், பிள்ளை எப்படிக் கேட்டாலும் அது பிறழ்வாகவே பதிவாகும். ஒரு பிள்ளையைப் பற்றிய அறிக்கை கைக்கு வரும்போது, அதுக்கு என்ன சொல்லிக் கேட்கவெச்சாங்க, எந்தப் பதிலைச் சரியென்று எடுத்துக்கிட்டாங்க என்று விசாரிக்க வேண்டியது நம் வேலை.