குளிர் அறை குளிரவில்லையா? நாலுவழி வால்வைப் பாருங்கள்

மரக்காணம் உப்பளக் கரையோரம் ஹீட் பம்ப் வகைக் குளிர் அறை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இது. கம்ப்ரசர் கேஸை ஒரே பக்கம்தான் தள்ளும். திசை மாற்றுவது நாலுவழி வால்வு. அது திரும்பினால் சூடான கேஸ் உள்காயிலுக்குப் போய், படிந்த ஐஸை உருக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வு மடைபோலத் திரவத்தை அளந்து விடும். ஒருவழி வால்வு நம் கிணற்று மோட்டார் ஃபுட் வால்வுக்குத் தம்பி.

நாலுவழி வால்வு பாதியில் சிக்கினால் சூடான கேஸ் கம்ப்ரசருக்கே திரும்பும். மெஷின் ஓடும், கரண்ட் பில் ஏறும், சரக்கு அழுகும். ‘கேஸ் குறைவு’ என்று உடனே நிரப்ப விடாதீர்கள். வால்வில் மூன்று குழாய் சேர்ந்திருக்கும் பக்கத்தில் நடுக்குழாய் சில்லென்று இருக்க வேண்டும். அதுவும் சுட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில்தான். மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் வால்வின் ஒயர் முனைகள் பச்சை பிடித்தாலும் வால்வு திரும்பாது.