தொடக்க மதிப்பற்ற நினைவகம் (கெர்னல் நிரல்)

பணிசெயல் முறைமையின் கருவான கெர்னலில், ஒதுக்கிய நினைவகத்தில் மதிப்பு எதையும் எழுதுமுன் அதைப் படிப்பதால் எழும் வழு. இலங்கையின் ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், முன்னவரின் கொழுந்து எஞ்சிய சாக்கை உதறாமல் அடுத்தவருக்கு நிறுத்தால் கணக்குப் பிழையாகும், இதுவும் அத்தகையதே.

விளைவு: எஞ்சிய பழைய தரவால் நிரலின் போக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், கடவுச்சொல், நினைவக முகவரி போன்றவை பயனர் நிரலுக்குக் கசியலாம். எடுத்துக்காட்டாக, சி மொழிக் கட்டமைப்பில் 1 பைட் புலத்தை அடுத்து 4 பைட் முழுஎண் வந்தால், இடையே பொதுவாக 3 பைட் இடைவெளி விழும். இரு புலங்களுக்கும் மதிப்பு இட்டாலும் அந்த இடைவெளியில் பழைய தரவு கிடக்கலாம்.

கண்டறிதல்: லினக்ஸ் 6.1 பதிப்பில் (2022) சேர்ந்த கேஎம்சான் கருவி, ஒவ்வொரு பிட்டுக்கும் நிழல் பிட் ஒன்றை வைத்துக் கண்காணிக்கிறது. மதிப்பு இடப்படாத தரவு நிபந்தனைக்கோ பயனர் வெளிக்கோ சென்றால் அறிவிக்கிறது.

திருத்தம்: கட்டமைப்பு முழுவதையும் மெம்செட் சார்பைக் கொண்டு பூச்சியமாக்கலாம், நினைவகத்தை ஒதுக்க மட்டும் செய்யும் கேமல்லாக்குக்குப் பதிலாக, ஒதுக்கிப் பூச்சியமாக்கியும் தரும் கேஸெட்அல்லாக்கை அழைக்கலாம், பிழைவழிகள் உட்பட எல்லா வழிகளிலும் மாறிக்கு மதிப்பு இட வேண்டும். ஒதுக்கும்போதே பூச்சியமாக்கும் தெரிவு லினக்ஸ் 5.3 (2019) முதல் உண்டு. அது பாதுகாப்பு வலை மட்டுமே. மூல வழுவைத் திருத்துவதே முழுத் தீர்வு.