நாற்கண் சிலந்தி

கோப்பிப் பயிரைத் தாக்கிய இலைநோயின் மாதிரிகளை 1869 இல் இங்கிலாந்துக்கு அனுப்பியவர் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ். அவர் அங்கே சிலந்திகளையும் அனுப்பினார் என்பதை அறிந்தோர் சிலரே.

அக்காலத்தில் இலங்கையிலிருந்து சென்ற சிலந்திகளுள் ஒன்று கடுகினும் சிறியது. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். சிலந்திகளுக்குப் பெரும்பாலும் எட்டுக் கண்கள், இதற்கோ நான்கே! டோர்செட் கிராமத்துப் பாதிரியார் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ், 1873 இல் அதற்கு நாற்கண் என்னும் பொருள்பட 'டெட்ராபிளெம்மா' எனப் பெயரிட்டுத் தனிக் குடும்பமே வகுத்தார்.

இத்தகைய நுண்சிலந்திகளின் உறைவிடம் காட்டுச் சருகு. ஹாலிஎலவைச் சூழ்ந்த மலைகளில் கோப்பிக்காகக் காடு எரிக்கப்பட்டபோது சருகும் சாம்பலாயிற்று. ஏக்கர்க் கணக்கு எழுதப்பட்டது. சருகுக்குள் வாழ்ந்தவற்றை எழுத ஆளில்லை. பெயர் பெறுமுன்னரே மறைந்தவை எத்தனையோ! பின்னர் கோப்பி போய்த் தேயிலை வந்தது, காடு மீளவில்லை.

எஞ்சிய காடுகளில் தேடுதல் தொடர்கிறது. சருகைச் சலித்து வெள்ளைத் துணியில் உதறி, அசையும் புள்ளிகளைப் பொறுக்குவர். 2018 இல் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவன ஆய்வாளர்கள் ஆறு புதிய நுண்சிலந்தி இனங்களை விவரித்தனர். சிலவற்றுக்கு எனிட் பிளைட்டன் எழுதிய சிறுவர் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர்களைச் சூட்டினர். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டு உண்டு போலும்.