காகிதக் குழாயும் பருத்த உடலும்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கத்து மக்களுக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று விசைத்தறித் துணி, மற்றொன்று காகிதம். 1960-இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலை இங்கேதான் இருக்கிறது. வற்றல் மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுக்கும் பள்ளிபாளையம் சிக்கனை விட்டுவிட்டீரே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காகிதத்துக்கும், மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்களா? அந்த உறவை உண்டாக்கியவர் பருமனான ஓர் இளம்பெண்.

ஆண்டு 1816. பாரிஸ் நகரில் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிவந்த ரெனே லென்னக் என்ற மருத்துவரிடம் இதய நோயின் அறிகுறிகளோடு அந்தப் பெண் வந்தார். அக்காலத்தில் மார்பைச் சோதிக்க மூன்று வழிகளே இருந்தன. கையை வைத்துத் துடிப்பை உணரலாம். விரலால் தட்டி, எழும் ஒலியைக் கேட்கலாம். ஆஸ்திரிய மருத்துவர் ஔவன்புருகர் 1761-இல் எழுதிவைத்த முறை இது. அல்லது, காதையே நோயாளியின் மார்பில் பதித்துக் கேட்கலாம். அந்தப் பெண்ணின் உடற்பருமன் காரணமாக முதல் இரண்டு வழிகளும் பயன்படவில்லை. மூன்றாவது வழிக்கு அவருடைய வயதும் பெண் என்பதும் இடம் தரவில்லை. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது லென்னக்கின் நினைவுக்கு வந்தது. கையில் கிடைத்த காகிதத் தாள்களை இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரடியாகக் காதை வைத்தபோது கேட்டதைவிடத் தெளிவாக இதய ஒலி கேட்டது! பிறகு மரத்தில் குழாய் செய்து, 1819-இல் தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லென்னக் அந்த நோயாளியைப் பார்த்து, "முதலில் இளைத்துவிட்டு வாரும்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. தம்முடைய முறை போதாது என்று கண்டு, முறையை மாற்றினார். பின்வந்த காலத்தில் எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டு ரிவா ரோச்சி 1896-இல் கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை அமைத்தார். அதன் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். 1901-இல் ஜெர்மானியரான ரெக்லிங்ஹௌசன், பட்டை குறுகலாக இருந்தால் அழுத்தம் உண்மைக்கு மேலாகக் காட்டும் என்று கண்டறிந்து, அகலத்தை இரு மடங்குக்கு மேல் பெருக்கினார். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் காண்பது ஏறக்குறைய இந்த முறைதான்.

குறுகலான பட்டை ஏன் தவறு காட்ட வேண்டும்? பட்டையின் அழுத்தம் தோலையும் கொழுப்பையும் தசையையும் கடந்து உள்ளே இருக்கும் தமனியை எட்ட வேண்டும். கை பருத்திருந்தால் வழி நீளம். குறுகிய பட்டையின் அழுத்தம் பக்கங்களில் பரவிப்போய், ஆழத்தில் குறைந்துவிடுகிறது. எனவே தமனியை அமுக்க அதிகக் காற்றடிக்க வேண்டியிருக்கிறது. பாதரசமோ அதிக அழுத்தத்தைக் காட்டுகிறது. பட்டைக்குள் இருக்கும் ரப்பர்ப் பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சாதாரணப் பட்டையின் பை 12, 13 சென்டிமீட்டர் அகலமுள்ளது. சுற்றளவு 32 சென்டிமீட்டர் வரை உள்ள கைக்கு அது போதும். 40 சென்டிமீட்டர் கைக்கு 16 சென்டிமீட்டர் பை வேண்டும். உங்கள் வீட்டில் தையல் நாடா இருந்தால் பெரியவர்களின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

இது சிறு வேறுபாடுதானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 195 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோருக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது, மேல் அழுத்தம் சராசரியாக 19.5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது. 125 இருப்பவருக்கு 144 என்று வரும். இல்லாத நோய்க்கு அவர் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க நேரும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்ட பிறகு வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. அந்தப் பையில் பெரிய பட்டை ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

பட்டை ஓர் எடுத்துக்காட்டுத்தான். தசையில் போட வேண்டிய ஊசி, பருத்த இடுப்பில் கொழுப்போடு நின்றுவிடும். மருந்து உரிய வேகத்தில் இரத்தத்தில் கலக்காது. அல்ட்ராசவுண்ட் படம் மங்கும். அறுவைக்கு மயக்கம் கொடுப்பவரின் பாடு இன்னும் கடினம். நோயாளி மல்லாந்து படுத்ததும் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலில் சேமிப்பாக நிற்கும் காற்று குறைகிறது. மூச்சு நின்ற சிறிது நேரத்திலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் சரியத் தொடங்கிவிடும். ஆகவே தலையையும் தோளையும் அணைகொடுத்து உயர்த்தி, காது மார்பெலும்பின் மேல்குழிக்கு நேராக வரும்படி படுக்க வைக்கிறார்கள். மருந்தின் அளவிலும் சிக்கல்தான். சில மருந்துகளை மொத்த எடைக்கும், சிலவற்றைக் கொழுப்பு நீக்கிய எடைக்கும் கணக்கிட வேண்டும்.

சரி, யார் பருமனானவர்? இதற்கு மருத்துவர் பயன்படுத்தும் எண், மருத்துவர் கண்டதன்று. பெல்ஜிய நாட்டு வானியலறிஞரும் புள்ளியியலறிஞருமான கெத்தலே, 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதை 1830-களில் கண்டார். நோய்க்கும் அவருக்கும் தொடர்பில்லை. 1972-இல் அமெரிக்கரான ஆன்செல் கீஸ் அதைத் தூசி தட்டி எடுத்து, உடல் நிறை எண் என்று பெயரிட்டார். கிலோகிராம் எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு 25. கீஸ் ஆராய்ந்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களை. அவர்களில் பெண்கள் இல்லை. இந்தியாவும் அந்த ஐந்தில் இல்லை.

இல்லாததன் விளைவு பிறகு தெரிந்தது. 2004-இல் புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தை ஒரே பக்கத்தில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! ஒல்லியாகத் தோன்றும் இந்தியர் உடலில் கொழுப்பு, அதிலும் வயிற்றுக்குள் தங்கும் கொழுப்பு, மிகுதி. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு 23-லேயே எச்சரிக்கை தேவை என்றது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் 25-ஐ உடற்பருமனின் எல்லையாக வகுத்து, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றனர். 2025 ஜனவரியில் வந்த புதிய இந்திய வரையறை, எண்ணோடு இடுப்பளவையும் உடன் வரும் நோய்களையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

இனி பள்ளிபாளையத்துக்குத் திரும்புவோம். குழித்தறியில் நெய்தவர் காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, முழு உடலாலும் உழைத்தார். விசைத்தறியில் அந்த வேலையை மின்மோட்டார் செய்கிறது. தறிகளுக்கு நடுவே நின்று அறுந்த இழையை முடிவதும் தார் மாற்றுவதும் நெய்பவர் வேலை. அதை எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இரைச்சலும் இரவு ஷிப்டும் உடலைத் தின்னும். ஆனால் செலவாகும் கலோரி குறைவு. சோற்றின் அளவோ பழைய அளவு, தேநீரில் சர்க்கரை வேறு. (கரும்பை ஆட்டிச் சர்க்கரை எடுத்தபின் நிற்கும் சக்கை இவ்வூர் ஆலையில் காகிதமாகிறது, சர்க்கரை எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும்.) தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 25-ஐ எட்டியவர்கள் 2015-16-இல் 100-க்கு 31 பேர், 2019-21-இல் 40 பேர். ஆண்களில் 28 பேர், 37 ஆனார்கள். சிக்கன்மீது மட்டும் பழி போட முடியாது என்பது இப்போது விளங்கும்.

இப்படிப்பட்ட ஒருவர் மருத்துவரிடம் போகும்போது, பேச்சே ஒரு தடையாகிவிடுகிறது. பழி சொல்லும் வழக்கம் மிகப் பழையது. சரக சம்ஹிதையில் இகழப்படும் எட்டு வகை உடல்களைச் சொல்லும் அத்தியாயம் ஒன்று உண்டு. மிக உயரம், மிகக் குட்டை முதலியவற்றோடு மிகு பருமனும் அங்கே வருகிறது. ஆயினும் சரகர் தந்த மருத்துவ விளக்கம் அந்தப் பருமனுக்கும் மிகு மெலிவுக்குமே. இரண்டில் பருமனுக்குச் சிகிச்சை கடினம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் பான்டிங் என்ற சவப்பெட்டி வணிகர் பல மருத்துவர்களிடம் அலைந்தும் எடை குறையவில்லை. 1862-இல் காது கேட்கவில்லை என்று ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். அவர்தாம் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். உடல் இளைத்தது, காதும் தெளிந்தது. இன்றும் முழங்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வருபவரிடம், சோதிக்காமலே "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பினால், உள்ளே வேறு நோய் இருந்தால் அது கண்டுபிடிக்கப்படாமல் போகும். அடுத்த முறை அவர் வரவும் மாட்டார்.

குறைக்கச் சொல்வதும் எளிதன்று. 1994-இல் கொழுப்புத் திசுவே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தபின், உடல் தன் கொழுப்பைக் காத்துக்கொள்ளப் போராடுகிறது என்பது விளங்கியது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், பசி கிளம்பும். இதை மன உறுதியின்மை என்று திட்டிப் பயனில்லை. மருந்துகளின் வரலாறும் மருத்துவர்களை அச்சுறுத்தியிருக்கிறது. 1930-களில் டைநைட்ரோபீனால் கொடுத்தார்கள். கண்புரையும் மரணமும் வந்தன. 1938-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமின் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2025-இல் டிர்செபடைடும் எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடும் இங்கே விற்பனைக்கு வந்தன. இவை உண்மையாகவே பசியை அடக்குகின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

இதற்கிடையே சென்னையிலிருந்து ஒரு வியப்பான செய்தி வந்தது. மருத்துவர் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி நடை, உணவுக் கட்டுப்பாடு என்று தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. மெட்பார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். வியப்பு எங்கே என்றால், நடந்தவர்களின் சராசரி எடை குறையவே இல்லை! எடைமானியின் முள் அசையாதபோதும் நோய் தள்ளிப்போயிருக்கிறது.

2013-இல் வெளியிட்ட ஆய்வில் அதே குழுவினர், இத்தகைய 537 பேரில் பாதிப் பேருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினார்கள். இரண்டாண்டில் அவர்களில் 18 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. அந்த 537 பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். தறிக்கூடத்தில் ஒரு ஷிப்டும் அடுப்படியில் இன்னொரு ஷிப்டும் பார்க்கும் பெண் எந்த நேரத்தில் அந்த அரைமணி நடப்பார் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.