போப்பாண்டவரைப் பூட்டிய கோட்டை

இத்தாலியில் பேய் உலவும் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்று, ரோமுக்குத் தென்கிழக்கே மலையுச்சியில் இருக்கும் ஃபுமோனே கிராமத்துக் கோட்டை. உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். கல் பாவிய சந்துகளில் மூச்சு வாங்க ஏறிப்போய்த் திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளி மொத்தமும் தெரிகிறது. தெற்கிலிருந்து எதிரிப்படை கிளம்பினால் இங்கிருந்து புகை மூட்டித்தான் ரோமுக்குச் சேதி சொல்வார்களாம்.

வருகிறவர்கள் முதலில் தேடுவது குட்டிப் பிரபுவை. கோட்டைக்குச் சொந்தக்காரர்களான லோங்கி குடும்பத்தில், 19-ஆம் நூற்றாண்டில் ஏழு அக்காள்களுக்குப் பின் பிறந்த ஆண் வாரிசு பிரான்செஸ்கோ. சின்ன வயதிலேயே இறந்துபோனான். மண்ணுக்குக் கொடுக்க மனம் வராத தாய் எமிலியா, உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையில் வைத்துக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. சொத்துக்காக அக்காள்களே உணவில் கண்ணாடித் தூளைக் கலந்து கொன்றார்கள் என்கிறது ஊர்; பாஷாணம் என்பாரும் உண்டு. இரவில் தாய் வந்து அழுகிறாளாம், பையன் சாமான்களை இடம் மாற்றி விளையாடுகிறானாம். கொலைக்குச் சான்று எதுவும் கிடையாது. ஆண் பிள்ளைக்கே சொத்து என்றிருந்த வீட்டில் பையன் செத்தால் பெண்களைச் சந்தேகிப்பது ஊர்வாய்க்குச் சுலபம்.

இந்தக் கூட்டத்தில் பாதிகூட, போப் ஒருவரை அடைத்து வைத்த அடுத்த அறையின் கதையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம்.

1292-இல் போப் நான்காம் நிக்கோலாஸ் இறந்தபின், கர்தினால்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இழுபறி நடத்தினார்கள். கடைசியில் மலைக்குகையில் தவமிருந்த பியேத்ரோ என்ற முதிய துறவியை 1294 ஜூலையில் போப்பாக்கினார்கள். ஐந்தாம் செலஸ்தீன். அரசியல் தெரியாத மனிதர். நேப்பிள்ஸ் மன்னர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். போப் பதவி விலகலாம் என்பதை உறுதிசெய்து ஆணை பிறப்பித்து, டிசம்பர் 13 அன்று தாமே விலகினார். பதினோரு நாளில் எட்டாம் போனிஃபாஸ் தேர்வானார்.

பழைய குகைக்குத் திரும்ப விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால், எதிரிகள் கிழவரை முன்னிறுத்தித் திருச்சபையையே பிளந்துவிடலாம் என்று போனிஃபாஸ் பயந்தார். வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. தப்பியோடிய செலஸ்தீன் கடல்கடந்து போகப் பார்த்தபோது பிடிபட்டார். 1295-இல் ஃபுமோனேயில் அடைத்தார்கள். பகலில் பூசை செய்யக் காலூன்றும் இடத்திலேயே இரவில் தலைசாய்க்க வேண்டிய அளவுக்குக் குறுகலான அறை என்கின்றன பழைய குறிப்புகள். 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார்.

போனிஃபாஸ்தான் கொன்றார் என்ற பேச்சு உடனே கிளம்பியது. அதை ஊதிப் பெருக்கியவர்களுள் முக்கியமானவர், போனிஃபாஸின் ஜென்மப் பகைவரான பிரெஞ்சு மன்னர் நான்காம் ஃபிலிப். அவருடைய நெருக்குதலில்தான் 1313-இல் செலஸ்தீன் புனிதராக்கப்பட்டார். உடல் இருப்பது லாக்விலா நகரில். 2009 பூகம்பத்துக்குப் பின் அங்கே போன போப் பதினாறாம் பெனடிக்ட், தம் தோளில் அணியும் துணிப்பட்டையை எடுத்துச் செலஸ்தீனின் பேழைமேல் வைத்தார். நான்கு வருஷத்தில் அவரும் பதவி விலகினார்.

(தொடரும்)